நாலு, அஞ்சு, ஏழு... அப்புறம்?

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்குக் கணக்கு என்றால் டெபிட், கிரெடிட்தான். இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். தப்பு எங்கே என்று தெரிகிறபோது திருத்திக்கொள்ளலாம். என் சொந்தக் கணக்கில் அப்படி ஒரு வித்தியாசம் ஏறக்குறைய முப்பது வருஷம் கிடந்தது.

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஃப்யூஸ் கேரியரிலிருந்து கொலு பொம்மை வரை வெள்ளை வெள்ளையாக வெந்து வருகிற இடம். அங்கே ஒரு யூனிட்டில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார் ஓர் அண்ணன். ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனவர். ராத்திரி ஷிஃப்டில் நெருப்பைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடுவார். அவரைச் சுற்றி நாங்கள் நாலு பேர். ஜங்ஷனில் வேலை பார்த்த ஒரு ரயில்வே சார், டீக்கடைப் பையன், என் ஸ்கூல் சிநேகிதன், ப்ளஸ் ஒன் காமர்ஸ் குரூப் படித்த நான்.

ஒரு தடவை சுட்டு, இன்னும் பளபளப்பு பூசாத பீங்கானில் பென்சில் அருமையாக எழுதும். மூலையில் குவிந்து கிடக்கும் உடைசல்தான் எங்களுக்கு ஸ்லேட்டு.

“பழமலைநாதர் கோயில்ல 28 ஆகமத்துக்கு 28 லிங்கம் இருக்கே, 28-ல என்ன விசேஷம் சொல்லுங்க பார்ப்போம்?” என்பார் அண்ணன். நாங்கள் முழிப்போம். 28-ஐ மீதியில்லாமல் வகுக்கிற சின்ன எண்கள் 1, 2, 4, 7, 14. கூட்டிப் பாருங்கள், அதே 28! “இதே மாதிரி அடுத்த நம்பர் எது?” என்று ஒரு சில்லை நீட்டுவார். 496 என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது ராத்திரி ஆனது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம்: விடையைச் சொன்னால் மட்டும் போதாது, எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் சொல்லியாக வேண்டும்.

ஒருநாள் அண்ணன் இதை எழுதினார்: √(1+2√(1+3√(1+4√(1+...)))). வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, முடிவே கிடையாது. மொத்தத்தின் மதிப்பு என்ன?

எனக்கு அவசரம். நால்வரில் நான்தான் முதலில் சொல்ல வேண்டும். தெரிந்த கணக்கு வாத்தியார் ஒருவரிடம் ஓடினேன். அவர் போட்டுக் கொடுத்ததை அப்படியே சில்லில் காப்பியடித்துக்கொண்டு போய், “நானே போட்டேண்ணே” என்று நீட்டினேன். 3 என்பது √9. அந்த 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது √16. அந்த 16 என்பது 1+3×5. அந்த 5 என்பது √25, அதாவது 1+4×6-ன் மூலம். இப்படியே உள்ளே உள்ளே போகலாம். ஆக, விடை 3.

அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாருக்கு தம்பி. ஆனா இதே மாதிரி 4-ஐயும் பிரிக்கலாமே? 16-ங்கிறது 1+2×7.5. அந்த ஏழரையையும் இதே மாதிரி பிரிச்சிக்கிட்டே போனா, அப்ப விடை 4-ன்னு சொல்லலாமா?”

எனக்கு வாயடைத்துவிட்டது. ரயில்வே சார் என்னையே பார்த்தார். அண்ணன் திட்டவில்லை. சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து நான் பேட்டைப் பக்கமே போகவில்லை. அப்புறம் காலேஜ், சென்னை, பத்திரிகை வேலை.

அது ராமானுஜனின் கணக்கு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1910-ல், எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல், வேலையும் இல்லாமல், நோட்டும் கையுமாக அவர் வந்து நின்ற ஊர் திருக்கோவிலூர். எங்கள் பழைய தென்னார்க்காடு ஜில்லாதான்! அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர், 1907-ல் இந்தியக் கணித சங்கத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயருக்கு, இந்தப் பிள்ளையை ரெவின்யூ ஆபீஸின் அடிப்படியில் உட்காரவைத்து வீணாக்க மனசு வரவில்லை. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சங்கத்தின் பத்திரிகையில் கேள்விகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. கேள்வியும் தபாலில் வரும், விடையும் தபாலில் வரும். 1911-ல் ராமானுஜன் இந்த வர்க்கமூலக் கணக்கை அதில் போட்டார். ஆறு மாசம் ஆகியும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே எழுதினார். நான் காப்பியடித்த அதே வழி! ஆனால் அண்ணனின் சந்தேகத்துக்கு அதில் பதில் இல்லை. அதைக் கறாராக நிரூபித்தவர்கள் பின்னால் வந்தார்கள். அப்படியானால் சூளையடியில் அண்ணன் கேட்டது சாதாரணக் கேள்வியா? நான்தான் அதைக் காதில் வாங்காமல் ஓடிவந்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு ராத்திரி, கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். முடிவில்லாததை எங்காவது வெட்டித்தானே பார்க்க முடியும்? √(1+2) என்று நிறுத்தினால் 1.73. அடுத்த வர்க்கமூலத்தையும் சேர்த்தால் 2.24. அப்புறம் 2.56. அப்புறம் 2.76. ஏறுகிறது, ஆனால் 3-ஐத் தாண்டவில்லை. 3-ல் ஆரம்பித்துப் பிரித்தால் உள்ளே 4, 5, 6 என்று சாதுவாகப் போகிறது. 4-ல் ஆரம்பித்தால் 7.5, 18.4, 84.5 என்று பூதமாக வீங்குகிறது. அந்த பூதத்தை உள்ளே ஒளித்துவைத்தால்தான் 4 வரும். நம் கணக்கில் பூதம் இல்லை. மணி ரெண்டு. தனியாகச் சிரித்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனைத் தேடிப் போனேன். தலை நரைத்து, வீட்டுத் திண்ணையில் இருந்தார். “அண்ணே, அன்னிக்கு அது நான் போட்டதில்லை” என்றேன்.

“தெரியும். உட்காரு. 4 ஏன் வராது?”

சொன்னேன். நடுவில் ரெண்டு இடத்தில் நிறுத்தி, “அது எப்படி?” என்றார். அதையும் சொன்னேன். முடிந்ததும் காபி வந்தது. அன்றைய ஓட்டம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பழைய சில்லைக் கொண்டுவந்தார். 4, 5, 7 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கமா. இதுவும் ராமானுஜன் 1913-ல் அதே பத்திரிகையில் கேட்டதுதான். 1-லிருந்து 4 வரை பெருக்கினால் 24. ஒன்றைக் கூட்டினால் 25, அதாவது 5-ன் வர்க்கம். 5 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 121, அது 11-ன் வர்க்கம். 6 தேறாது. 7 வரை போனால் 5,041, அது 71-ன் வர்க்கம். அப்புறம்? பிரான்ஸில் புரோக்கார் என்பவர் 1876-லேயே இதைக் கேட்டிருக்கிறார். 2000-ம் வருஷம் கம்ப்யூட்டரை வைத்து 100 கோடி வரை தேடிப் பார்த்தார்கள். நாலாவது எண் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

“நீ பத்திரிகைக்காரன், நாலு பேர்கிட்ட கேளேன்” என்றார் அண்ணன்.

கேட்டுவிட்டேன். கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எப்படி வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அண்ணன் கேட்பார்.