பருத்திப்பட்டு ஏரிக்கரையில்

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு மாலை நாம் காற்று வாங்கச் சென்றிருந்தோம். பூங்காவும் நடைபாதையும் புதியவை. நம் மனமோ பழைய கதையில் லயித்தது. 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானித்தது. இருபது வருஷம் கழித்து, அக்கட்சியின் வழிவந்த சர்க்கார், 1975 ஜூன் 26 அதிகாலையில், ஜயப்பிரகாச நாராயணரைச் சிறைப்படுத்திற்று!

இங்கே பத்திரிகைகளுக்குத் தணிக்கை. லண்டனிலோ இந்தியரும் ஆங்கிலேயருமாகச் சேர்ந்து, ஆகஸ்டு 15-ந் தேதி ‘டைம்ஸ்’ பத்திரிகையில் அவர் விடுதலையைக் கோரி விளம்பரம் வெளியிட்டார்கள். ஆங்கிலேயரிடமிருந்து நாம் விடுதலை பெற்ற அதே திருநாளில், அவர்களுடைய தலைநகரில்! வெட்கப்படுவதா, நன்றி கூறுவதா?

அந்த விளம்பரத்தால்தான் சிறைக்கதவு திறந்தது என்று சொல்வதற்கில்லை. நவம்பரில் ஜே.பி. வெளியே வந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டிருந்தன.