துணி போர்த்திய போர் விமானம்

கலைப்பீடத்துல படிக்கிறவளுக்கு போர் விமானத்தோட என்ன வேலைன்னு கூட்டாளிங்க கேக்குறாங்க. வேலை இருக்கு.

ஹோக்கர் ஹரிக்கேன், சிட்னி கேம் வடிவமைத்த விமானம். 1935 நவம்பர் 6 அன்று இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் முதன்முதலாகப் பறந்தது. அப்போது பிரித்தானிய விமானப்படையின் சண்டை விமானங்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள். இதற்கு ஒரே அடுக்கு. உள்ளே மடங்கும் சக்கரம், மூடிய விமானி இருக்கை, ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் எஞ்சின், எட்டு இயந்திரத் துப்பாக்கிகள்.

எனக்குப் பிடிச்சது அதில் மிச்சமிருந்த பழசுதான். உடம்பின் பின்பாதி உலோகக் குழாயும் மரச்சட்டமும். அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. ஆரம்பத்தில் இறக்கைக்கும் துணிதான். தொழிற்சாலைக்குப் பழகிய வேலை என்பதால் சீக்கிரம் செய்யலாம், ஓட்டை விழுந்தால் சீக்கிரம் ஒட்டலாம். 1940 பிரித்தானியச் சமரில் ஸ்பிட்ஃபயரைவிட ஹரிக்கேன்களே அதிகம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழும்பின. ஜப்பானின் ஸீரோ விமானத்தைப் போல அவற்றால் சட்டென்று திரும்ப முடியவில்லை. பல விழுந்தன. புதுசுன்னு வந்தது ஏழு வருசத்துக்குள்ள பழசாயிருச்சு.

அந்த விமானங்கள் காத்தது துறைமுகத்தை. அந்தத் துறைமுகம் வழியாகத்தான் எங்க மலைத் தேயிலை கப்பலேறியது. பிரித்தானியாவில் 1940 ஜூலையிலிருந்து தேயிலைக்குப் பங்கீடு, ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். மலாயா விழுந்த பிறகு இலங்கை ரப்பரும் போருக்குப் பெரிய தேவை. யுத்தத்துக்கு அவ்வளவு வேண்டியிருந்த கொழுந்தையும் பாலையும் எடுத்தவர்களில் பெரும்பங்கு லயத்து மக்கள். ஆறு வருடம் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது.

நான் வாசித்த யுத்தப் புத்தகங்களில் எந்தப் படையணி எங்கே நின்றது, எந்த விமானி எங்கே விழுந்தார் என்பதெல்லாம் இருக்கு. அன்றைக்குப் பெரட்டுக்கு நின்ற எங்க பூட்டிமார் அதுல இல்ல. ஹரிக்கேனைப் பத்தி இவ்வளவு தேட முடியுதுன்னா யாரோ எழுதி வச்சிருக்காங்க. நம்ம பக்கத்த நாமதான் எழுதணும்.

பூண்டுலோயாவில் தொண்ணூறைத் தொட்டவங்க இன்னும் சிலர் இருக்காங்க. இந்த லீவுல ஃபோன் ரெக்கோர்டரைப் போட்டுட்டு அவங்க பக்கத்துல உக்காரப் போறேன். உங்க தோட்டத்துலயும் இருப்பாங்க. நாள் கடத்தாம போய்க் கேளுங்க.