மத்தியின் வளையம்

மீனின் டிஎன்ஏவைப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போன எனக்கு, கடலோர ஆய்வகத்தில் கொடுத்த முதல் வேலை துடுப்பு எண்ணுவது. ஐஸில் கிடந்த மத்தியின் வயிற்றுத் துடுப்பை ஊசியால் விரித்து, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கிளைக்காத கதிர் ஒன்று, கிளைத்தவை எட்டு என்றால் நம் கடலில் அது எண்ணெய் மத்தி. கிளைத்தவை ஏழு என்றால் அதன் பங்காளி யாரோ.

“எண்ணிட்டீங்களா தம்பி? போட்டோ எடுத்தாச்சா?” என்று கேட்ட பிறகுதான் சீனியர் அக்கா கத்தரிக்கோலைத் தருவார். ராசிபுரத்துக்காரனுக்கு மீன் என்றால் மேட்டூர் அணைக் கட்லா; கடல் மீன் ஐஸ் பெட்டியில் லாரியேறி வந்தால்தான் உண்டு. அதனால் என்னை இரண்டு தடவை எண்ண வைப்பார். பெயர் தப்பிப் போனால் தரவுத்தளத்தில் அந்தத் தப்பு அப்படியே தங்கிவிடும். அடுத்து வருகிறவர் அதை நம்பித் தன் மீனுக்கும் அதே பெயரை வைப்பார்.

மிளகளவு சதையில் புரோட்டினேஸ் கே நொதி சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்க விட்டால், காலையில் குழாய் தெளிந்திருக்கும். நாங்கள் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வளைய டிஎன்ஏவை. ஒரு செல்லில் அது நூற்றுக்கணக்கான நகல்களாவது இருக்கும் என்பதால் எடுப்பது சிரமமில்லை. தொல்லை வேறு இடத்தில். அதன் துண்டுகள் சில என்றைக்கோ உட்கருவுக்குள் போய் ஒட்டியிருக்கும். அவையும் சேர்ந்து வராமலிருக்க, வளையத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நீளத் துண்டுகளாக பிசிஆரில் பெருக்குகிறோம். 1999-லேயே ஜப்பானில் மியா, நிஷிதா என்ற ஆய்வாளர்கள் ஆழ்கடல் மீன் ஒன்றில் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

படிப்பது இயந்திரத்தின் பாடு. துண்டுகளைக் கணினியில் கோத்து, கடைசி எழுத்துகள் முதல் எழுத்துகளோடு பொருந்தினால் வளையம் மூடியது. மத்தியில் 16,600-ஐ ஒட்டிய எழுத்துகள், 37 மரபணுக்கள். 2023-ல் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் படித்து அறிவித்த மத்தியின் முழு மரபணுத்தொகுதி நூறு கோடி எழுத்துகளைத் தாண்டும். அதோடு பார்த்தால் இது கொசுறு.

ஆனால் கொசுறுதான் கண்ணைக் கெடுக்கும். மரபணுக்களின் எல்லைகளை மைட்டோஅனோட்டேட்டர் மென்பொருள் சில நிமிடங்களில் போட்டுவிடும். அக்கா ஒவ்வொன்றையும் கையால் சரிபார்க்கச் சொல்வார். புரத மரபணுக்கள் பெரும்பாலும் ஏடிஜி-யில் தொடங்க, சிஓஐ மட்டும் மீன்களில் ஜிடிஜி-யில் தொடங்கும். டிஜிஏ வந்தால் முற்றுப்புள்ளி என்று பள்ளியில் படித்தோம். இங்கே அது டிரிப்டோபன். சில மரபணுக்கள் ஒற்றை டி-யோடு நின்றுபோகும். “எழுத்து விட்டுப்போச்சுன்னு நீங்களா சேர்த்துடாதீங்க. ஆர்என்ஏ ஆனதும் வாலில் ஒட்டுற ஏ-க்கள் அதை முடிச்சுக்கும்.” பாடப்புத்தகம் இதைச் சொல்லியிருக்கலாம்.

வளையத்தின் டி-லூப் பகுதியில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் எத்தனை தடவை என்பதில் துண்டுகளைக் கோக்கும் மென்பொருளே தடுமாறும். அங்கே தனி பிரைமர் போட்டு சாங்கர் முறையில் மறுபடி படிப்பதே நல்லது.

அடுத்து மீன்தூளில் கைவைக்கப் போகிறேன். நாமக்கல் கோழித் தீவனத்தில் கலக்கும் கருவாட்டுத் தூளில் டிஎன்ஏ நொறுங்கித்தான் இருக்கும்; முழு வளையம் கிடைக்காது. 16எஸ் மரபணுவில் இருநூறு எழுத்து கிடைத்தாலும் என்னென்ன மீன் என்று ஓரளவு பிரித்துவிடலாம். பண்ணை வைத்திருக்கும் மாமாவிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கியிருக்கிறேன். எந்த மீனாக இருந்தால் அவருக்கென்ன, மணல் எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்று சொன்னால் போதுமாம்.