அண்ணாமலையார் ஊரில் இன்னொரு விளக்கு

திருவண்ணாமலை என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலம், எட்டு லிங்கம், வழியெல்லாம் சுக்குக் காபி. இதெல்லாம் உங்களுக்கே அத்துப்படி. நான் சொல்ல வந்தது வேறு சமாசாரம்.

ஆவணிப் பௌர்ணமி. செஞ்சி வழியாக வந்த பஸ், கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் பஞ்சர்! ரோட்டோரத்து வேர்க்கடலைக் கொல்லை திட்டுத் திட்டாகக் கருகியிருந்தது. "யாரோ பீடியை வீசிட்டான் போலிருக்கு" என்றார் பக்கத்து சீட்காரர்.

"நெருப்பு இல்லீங்க, சுருள் பூச்சி. மல்லாட்டைக்கு அதான் எமன்" என்றார் கொல்லைக்காரப் பெரியவர். (மணிலாக்கொட்டைதான் இங்கே மல்லாட்டை!)

ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே பழுப்பாக ஒரு சுரங்கம். உள்ளே நூல் மாதிரி ஒரு புழு, சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரையே தின்கிற குடித்தனக்காரன்! அஞ்சாறு நாளில் இடம் போதாமல் வெளியே வரும். பக்கத்து இலைகளை நூலால் இழுத்துச் சுருட்டி, உள்ளேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும். அப்புறம் அரை சென்டிமீட்டர் சுமாருக்கு ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி. முட்டையிலிருந்து இதுவரை மூணு நாலு வாரம்தான். நூறு நாள் பயிரில் எத்தனை தலைமுறை, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மழை அடிச்சா அடங்கிடும். மழை ஏமாத்திட்டா செடி வாடும், இது பெருகும். மானாவாரிக்காரனுக்கு ரெண்டு பக்கமும் இடி."

"மருந்து?"

"புழு இலைக்குள்ள பத்திரமா இருக்கு. அதைக் கொல்ற சின்னக் குளவிதான் மருந்துல சாவுது. சம்சாரம் கம்மலை அடகு வெச்சு விதை வாங்கியிருக்கு. மருந்துக்கு எதை வெக்கறது, சொல்லுங்க?"

நாலு வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு போடுங்கள், ராத்திரி 8 முதல் 11 வரை விளக்குப் பொறி வையுங்கள் என்கிறது வேளாண் பல்கலைக்கழகம். செலவு கம்மியான வழி. 2,668 அடி மலை மேல் கார்த்திகையில் தீபம் ஏறும்போது இங்கே கடலை பிடுங்கி முடிந்திருக்கும். இவர்களுக்கு ஆவணியிலேயே, தரையோடு தரையாக விளக்கு வேண்டும்.

"ஒருத்தன் வெச்சாப் போதாதுங்க. பக்கத்துக் கொல்லைக்காரங்க ஏழு பேரையும் பேசி ஒத்துக்க வெச்சிருக்கேன்."

"இன்னிக்கு ராத்திரியா?"

பெரியவர் சிரித்தார். "பௌர்ணமி உங்களுக்குத்தான் சார் விசேஷம். நிலா வெளிச்சத்துல பூச்சி விளக்கை மதிக்காது. இன்னும் நாலஞ்சு நாள் போகட்டும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார்.