‘கேஸ் அடிச்சு விட்ருங்க பாய்!’

புதுப்பேட்டை என்றால் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி விற்கிற கடைகள்தான் சென்னைக்காரர்களுக்கு நினைவு வரும். அந்தக் கடைகளுக்கு நடுவே, ஒரு சந்துக்குள், கார் ஏசிக்கென்றே ஒரு பட்டறை இருக்கிறது. ஷட்டருக்கு உள்ளே இரண்டு வண்டி நிற்கலாம். மற்ற வேலையெல்லாம் தெருவில், தார்ப்பாய் நிழலில். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தொடும் வயது, கூட மூன்று பையன்கள். மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை சீசன். நான் போய் உட்கார்ந்தது அக்னி நட்சத்திர நாட்களில்.

வருகிற வண்டி எதுவானாலும் ஓட்டி வருகிறவர் சொல்வது ஒன்றுதான். “கூலிங் இல்ல. கேஸ் அடிச்சு விட்ருங்க பாய்.” பாய் கேட்டுக்கொள்வார். பேனட்டைத் திறக்கச் சொல்வார். பேச்சு முற்றினால் மட்டும், “கேஸ் இன்னா பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு?” என்பார்.

ஏசிக்குள் இருக்கும் வாயு ஒரு மூடிய சுற்றில் ஓடுகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தும், அழுத்தியதும் சூடேறும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டன்சரில் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் இறக்கிவிட்டுத் திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும். இன்று ஓடுகிற பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ, திறந்த காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை அது காருக்குள் இருக்கிற காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நமக்கு ஜில்லென்று இருப்பது அதனால்தான். ஆவியானது மறுபடி கம்ப்ரஸருக்குப் போகும். இந்தச் சுற்றில் வாயு செலவாக வழியில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால், அடுத்த மாதமோ அடுத்த கோடையிலோ அதே வண்டி அதே வாசலில் வந்து நிற்கும். சில பட்டறைகளுக்கு அதுவே வருமானம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாய் முதலில் எடுப்பது கேஜ் அல்ல. இன்ஜின் ஓட, ஏசி போட்டபடி, இரண்டு குழாய்களை ஒவ்வொரு கையால் தொட்டுப் பார்க்கிறார். ஒல்லிக் குழாய் சுட வேண்டும். தடித்த குழாய் வியர்த்துக் குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு காது: கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கிறதா, பிடித்தது நிற்கிறதா, நொடிக்கொரு தரம் பிடித்து விடுகிறதா. அதற்கப்புறம்தான் கேஜ். நீலக் குழாய் லோ சைடு, சிவப்பு ஹை சைடு. நல்ல வெயிலில் நீல முள் 35 முதல் 45 பிஎஸ்ஐக்குள்ளும், சிவப்பு முள் 220 முதல் 260க்குள்ளும் நின்றால் வண்டி நலம்.

வண்டியை நிறுத்திவைத்திருக்கும்போது இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். வெளியே 38 டிகிரி என்றால் ஏறக்குறைய 125. அதைக் காட்டி “பாருங்க, ஃபுல்லா இருக்கு” என்று சொல்கிறவர்கள் உண்டு. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அந்த அளவைக் காட்டிவிடும். எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியாது. அளவு தெரிய ஒரே வழி இருப்பதை முழுதும் எடுத்துவிட்டு, தராசில் நிறுத்துப் போடுவது. எத்தனை கிராம் என்று பேனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். சின்னக் கார்களுக்கு பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் கீழே. கூடப் போட்டாலும் கூலிங் குறையும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

அன்று வந்த ஒரு வெள்ளை டாக்ஸியைச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இளைஞர். “ஓடும்போது ஜில்லுனு இருக்கு பாய். சிக்னல்ல நின்னா அனல் அடிக்குது. கஸ்டமர் எல்லாம் திட்றாங்க.” போன மாதம்தான் வேறெங்கோ கேஸ் அடித்திருக்கிறார், ஆயிரத்து ஐந்நூறு போயிருக்கிறது. பாய்க்கு அந்த முதல் வாக்கியமே போதுமாக இருந்தது. ஆனாலும் கேஜ் போட்டார், இளைஞருக்குக் காட்டுவதற்காக. நின்ற இடத்தில் சிவப்பு முள் 250ஐத் தாண்டி 300ஐயும் தாண்டி ஏறிக்கொண்டே போனது. “தண்ணி ஊத்துடா” என்றார். பையன் ஒரு மக் தண்ணீரைக் கண்டன்சர் மேல் வீசினான். ஆவி கிளம்பியது. முள் விறுவிறுவென்று இறங்கி 200க்கு வந்தது. தடித்த குழாயில் உடனே வியர்வை கட்டியது. ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கிறது, நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஃபேன் சுற்றவில்லை. சாக்கெட் சூட்டில் உருகி, பின் கறுத்துப் போயிருந்தது. புது சாக்கெட்டும் இரண்டடி ஒயரும் மாற்றினார்கள். கேஸைத் தொடவே இல்லை.

கசிவைக் கண்டுபிடிப்பது வேறு மாதிரி வேலை. நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கிறார்கள். பச்சையாய் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் தூசியும் ஒட்டியிருக்கிற இடம் முதல் சந்தேகம். வாயுவோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கசியும் என்பதால். ஓ-ரிங்காக இருந்தால் பத்து நிமிட வேலை. கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டை இறக்க வேண்டும்.

அதை அருகிலிருந்து பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும் பையனுக்கு. ஸ்டியரிங்கைக் கழற்றி, மீட்டரை எடுத்து, ஒவ்வொரு கிளிப்பாக விரலால் நெம்பி, இரண்டு மணி நேரத்தில் காரின் முகத்தையே பெயர்த்துப் பின்சீட்டில் சாய்த்துவைத்தான். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனான். கழற்றிய வரிசை இடமிருந்து வலம், மாட்டும்போது வலமிருந்து இடம். ஒன்று மிஞ்சினால் பாய் அந்த வண்டியை வெளியே விடமாட்டார். வெளியே வந்த காயிலைப் பார்த்தபோது இத்தனை நாள் எதைச் சுவாசித்தார்கள் என்று தோன்றியது. வேப்பிலைச் சருகு, முடி, ஈரத் தூசி, எலி கொண்டுவந்த பஞ்சு. கேபின் ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலி. ஈரமும் அழுக்கும் சேர்ந்து அலுமினியத்தை அரித்து ஊசிமுனை அளவு துளை போட்டிருந்தது.

மாட்டிய பிறகு வாக்கம் போடுவதில் பாய் கறார். பம்பு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். காற்று வெளியேறுவது ஒரு பக்கம். ஈரம் வெளியேறுவதுதான் முக்கியம். ஈரம் தங்கினால் வால்வுத் துளையில் பனியாக உறைந்து வழியை அடைத்துவிடும். வண்டி இருபது நிமிடம் குளிரும், பிறகு வெறும் காற்று வரும். நிறுத்திவிட்டுப் போட்டால் திரும்பக் குளிரும். இதே புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு: காயிலின் சென்சார் கெட்டு, காயில் முழுக்கப் பனி பிடிப்பது. இரண்டையும் பிரித்தறிய பாய் கேட்கிற கேள்வி ஒன்றே: “காத்து வேகமா வருதா, வேகமும் கொறையுதா?” வேகமும் குறைந்தால் காயில். வேகம் அப்படியே இருந்து குளிர்ச்சி மட்டும் போனால் வால்வு.

ஆட்டோ ஏசி வந்த பிறகு தொழில் பாதி மெக்கானிக், பாதி எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டது. அந்த வண்டிகளை ஐடிஐ படித்த இன்னொரு பையன் பார்க்கிறான். ஒரு குடும்பக் காரில் கேஸ் சரி, ஃபேன் சரி, ஃபியூஸ் சரி; கம்ப்ரஸர் மட்டும் பிடிக்கவில்லை. ஸ்கேனரை மாட்டினான். வெளி வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டியது. மே மாதச் சென்னையில்! பையன் சிரித்துக்கொண்டே முன் பம்பருக்கு அடியில் கைவிட்டான். பம்பரைக் கழற்றிப் பெயின்ட் அடித்தவர்கள் சென்சார் ஒயரைத் திரும்ப மாட்டவில்லை. இணைப்பு அறுந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இந்த எண்ணைத்தான் காட்டும். வெளியே உறைபனி என்று நம்பி ஏசியை ஓட விடாது. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணில் சந்திப்பதும் இந்த மைனஸ் 40இல்தான் என்று பள்ளியில் படித்தது, அது பயன்படுகிற இடத்தை இங்கேதான் பார்த்தேன்.

இன்னொரு வண்டியில் இடப்பக்கம் குளிர், ஓட்டுநர் பக்கம் சூடு. டேஷ்போர்டில் காதை வைத்தால் ‘டிக் டிக்’ சத்தம். சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவைத் திருப்புகிற சின்ன மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தது. கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லி எங்கோ மதிப்பீடு கொடுத்திருந்தார்களாம். ஆட்டோ ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: டேஷ்போர்டின் மேலே கண்ணாடியோரம் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தால், அது வெயிலை அளக்கும் சென்சாராக இருக்கலாம். பிள்ளையாரோ மாதாவோ கொஞ்சம் தள்ளி உட்காரட்டும்.

பாய் தொழிலுக்கு வந்தபோது ஆர்-12 காலம். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கை அந்த வாயுவை ஓய்வுக்கு அனுப்பியது. அடுத்து வந்த 134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1,400 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். இந்த வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தம் 2016இல் வந்தது. இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. 2028இல் இங்கே உச்சவரம்பு தொடங்குகிறது. இந்தச் சந்தில் இன்னும் பழைய கேஸை வெளியேதான் திறந்துவிடுகிறார்கள். பிடித்துவைக்கும் இயந்திரம் வாங்கச் சின்னப் பட்டறைகளுக்கு வசதியில்லை. திறந்துவிடும்போது பையன்கள் கண்ணாடியும் போடுவதில்லை, கையுறையும் இல்லை. ஒருவன் புறங்கையில் திரவம் தெறித்து உறைந்த வெள்ளைத் தழும்பு இருக்கிறது. இது பாய் மேல் எனக்குள்ள குறை, அவரிடமே சொன்னேன். “வாங்கி குடுத்தா தொங்க விட்டுடறானுங்க” என்றார். அந்தப் பதில் போதாது.

கலப்பட கேஸ் அதைவிடப் பெரிய ஆபத்து. 134ஏ என்று எழுதிய டின்னில் மெத்தில் குளோரைடு கலந்து விற்ற காலம் உண்டு. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்று பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். 2011இல் இதே கலப்படத்தால் குளிர்சாதனக் கப்பல் கொள்கலன்கள் வெடித்து, பழுது பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் இறந்தார்கள். விலை மலிவாகச் சொல்லும் இடத்தில் டின்னைக் கேட்டுப் பாருங்கள்.

பாயின் மனக்குறை வேறு. மைனஸ் 40 வண்டிக்கு ஒரு மணி நேரம் பார்த்து, ஒயரை மாட்டி, முந்நூறு ரூபாய் கேட்டார். “ஒயர் மாட்டுனதுக்கு முந்நூறா?” என்று வண்டிக்காரர் நூறைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே மனிதர் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேஸ் அடித்திருந்தால் வாய் திறக்காமல் கொடுத்திருப்பார். கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை, ஊற்றியதற்குத்தான் கூலி என்றால் பட்டறைகள் ஊற்றத்தான் செய்யும்.

அடுத்த முறை ஏசி படுத்தால், என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். எப்போது குளிரவில்லை, நிற்கும்போதா ஓடும்போதா, காற்றின் வேகம் குறைகிறதா, ஏதாவது சத்தம் கேட்கிறதா, அண்மையில் பம்பரையோ பேட்டரியையோ கழற்றினார்களா என்பதைச் சொல்லுங்கள். கேஸ் அடித்தால், எவ்வளவு கிராம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். செக்கிங் சார்ஜ் கேட்டால் கொடுங்கள்.