கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், அறுவடையைப் பாருங்கள்!

மேலுரம் எப்போது போடலாம் என்று கேட்டால், நட்டு எத்தனை நாள் ஆகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் நாங்கள் பதில் சொல்வோம். காருக்கு ஏர் ஃபில்டர் எப்போது மாற்றலாம் என்று கேட்டால், மெக்கானிக் கிலோமீட்டரைப் பார்க்கிறார். நம் டெல்டாவில் அந்தக் கணக்கு மட்டும் போதாது. ஊர் ஊராக அலைகிற வேலையில் இருக்கும் என் அனுபவத்தில், தை, மாசி, பங்குனி மூன்று மாதத்தில் ஃபில்டரில் ஏறும் தூசி, மீதி ஒன்பது மாதத்தில் ஏறுவதைவிட அதிகம். அறுவடை இயந்திரம், வைக்கோல் கட்டும் இயந்திரம், சாலையில் காயும் நெல் என்று எங்கு பார்த்தாலும் புழுதியும் சுனையும்தான்.

போன மாசியில் அம்மாபேட்டைப் பக்கம் உளுந்து வயல் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் அந்த விவசாயி, "சார், பயிர் சந்தேகம் தீந்துடுச்சு. வண்டி சந்தேகம் ஒண்ணு இருக்கு, கேக்கலாமா?" என்றார்.

பழைய டீசல் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மனைவிக்கு வீசிங். மாதம் ஒருமுறை தஞ்சாவூருக்கு அழைத்துப் போக அந்தக் கார்தான். "மேம்பாலம் ஏறவே திணறுது சார். கரும்புகையா தள்ளுது. டவுன்ல ஒரு பட்டறையில இன்ஜினை இறக்கணும், நாப்பதாயிரம் ஆகும்னுட்டாங்க. சம்பா நெல்லு போட்ட காசுல நகையைத் திருப்புறதா, இதுக்குக் கொடுக்குறதா?"

"பானெட்டைத் தூக்குங்கண்ணே, பாப்போம்" என்றேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றியதும் உள்ளே நெல், உமி, வைக்கோல் துணுக்கு. பேப்பர் ஃபில்டரின் ஒரு மூலையை எலி கடித்துக் கூடு கட்டியிருந்தது. மீதிப் பகுதி புழுதியால் அடைத்திருந்தது. கார் நிற்பது வைக்கோல் போருக்குப் பக்கத்தில். அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சூடான பெட்டி கிடைத்தால் அது விடுமா?

1 லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று தேவை. அத்தனை காற்றும் அந்த ஒரு காகித மடிப்பு வழியாகத்தான் போகவேண்டும். அது அடைத்தால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை வரும், இழுவை குறையும். ஓட்டையானால் அதைவிடக் கெடுதல். புழுதி மண் உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். அதன் பிறகு இன்ஜினை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சில நூறு ரூபாயில் புது ஃபில்டர் போட்டார். புகை குறைந்தது, மேம்பாலம் ஏறியது. எல்லா இழுவைக் குறைவுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள்.

காரில் இன்னொரு ஃபில்டரும் உண்டு. நாம் மூச்சுவிடும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர், அதாவது ஏசி ஃபில்டர். பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சில சிறிய கார்களில் இருக்காது. ஏசி காற்று குறைந்தாலோ, பூசண வாடை அடித்தாலோ அதை மாற்றவேண்டும். அவர் காரில் அது கறுத்துப் போயிருந்தது.

"இதையும் மாத்துனா வீசிங் நின்னுடுமா சார்?"

"நிக்காதுண்ணே. வண்டியில போறப்ப தூசி குறையும், அவ்வளவுதான். அண்ணி களத்துல தூத்துறப்ப என்ன கட்டிக்குறாங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன். தூற்றும்போதும் களம் கூட்டும்போதும் பறக்கும் சுனையும், ஈர வைக்கோலின் பூசணத் தூளும் காரில் வருவதைவிடப் பல மடங்கு. வீசிங் உள்ளவர்கள் அந்த வேலையை மற்றவர்களிடம் விடுவது நல்லது. முடியாவிட்டால், காற்று முதுகுப் பக்கம் வரும்படி நின்று, என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் துண்டு நுண்தூசியை அவ்வளவாகத் தடுக்காது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி வண்டிக்குச் சில குறிப்புகள். சம்பா அறுவடைத் தூசி அடங்கிய பங்குனியில் இரண்டு ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். அடைத்திருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள். குறுவை அறுவடை முடிந்ததும் இன்னொரு முறை பார்த்தால் போதும். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. காற்றடித்தால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக அடிக்கவேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓட்டை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கேபின் ஃபில்டரில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும்; அதன்படி மாட்டுங்கள். எலி இருந்த பெட்டியைக் கையுறை, முகக்கவசம் போட்டு, கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடையுங்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரால் பரவும்.

டிராக்டரில் எண்ணெய் வகை ஏர் கிளீனர் இருந்தால், எண்ணெய் அளவுக்கோட்டைத் தாண்டக் கூடாது. அடியில் சேறு கட்டினால் கழுவி, புது எண்ணெய் ஊற்றுங்கள். இரட்டை ஃபில்டர் இருந்தால் உள் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளத்தில் இறங்கிய வண்டி நின்றுவிட்டால், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் உள்ளே போன இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

உரக்கடைக்குப் போகும்போது ஒரு முகக்கவசமும், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகும்போது ஒரு ஃபில்டரும் வாங்கி வீட்டில் வையுங்கள். தை பிறந்தால் இரண்டுக்கும் வேலை வந்துவிடும்.