ஆறு ஒன்றை வரைந்த முதியவர்

எமது இளமைக் காலத்தில், வடமராட்சியின் தோட்டக் கிராமம் ஒன்றில், விடிவதற்கு முன்பே துலாவின் ஒலி கேட்கத் தொடங்கிவிடும். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடப்பார். மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் வெங்காயப் பாத்திகளுக்கு நீரைத் திருப்புவார். மூவர் உடல் நோக உழைத்தால் ஒரு தோட்டம் நனையும். நீர் என்பது உழைப்பு என்பது நாம் கற்ற முதற்பாடம். வெயில் ஏற ஏறக் கிணறு சவர்க்கும் என்பது இரண்டாம் பாடம். மூன்றாம் பாடம் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்களை நாம் நேரிற் கண்டதில்லை. அவருடைய நூல்களின் வாயிலாகவும், அவர் வகுத்த திட்டம் ஒன்றின் வாயிலாகவுமே அவரை அறிவோம். 1905-ஆம் ஆண்டு பிறந்த அவர், நீர்ப்பாசனத் திணைக்களத்திற் சேர்ந்து அதன் பிரதிப் பணிப்பாளர் பதவிவரை உயர்ந்தவர். இலங்கையின் நீர்வளம் பற்றி அவர் எழுதிய பெருநூல், அவர் அறுபது வயதைக் கடந்திருந்த 1969-இல் வெளிவந்தது. நாட்டின் ஆறுகளும் குளங்களும் நிறைந்த நூல் அது. இலங்கையில் 103 ஆற்று வடிநிலங்கள் உண்டென்பர். அவற்றுள் ஒன்றேனும் எமது குடாநாட்டில் இல்லை. நாடெங்கும் ஓடும் நீரை அளந்த மனிதருக்குத் தம் மண்ணின் வறட்சி எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மீது மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது இயற்கையின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். துலா இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இறைப்பு இயந்திரம் வந்தபின் அந்தக் காவலும் போயிற்று.

1954-இல் ஆறுமுகம் அவர்கள் முன்வைத்ததே ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம். வன்னியில் ஊற்றெடுக்கும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது; வான்பாய்ந்து மிஞ்சும் நீர் ஆனையிறவுக் கடல்நீரேரியை அடைந்து, சுண்டிக்குளத்தில் வீணே கடலிற் கலக்கிறது. அந்த ஏரியின் மேற்கு வாயை ஆனையிறவிலும் கிழக்கு வாயைச் சுண்டிக்குளத்திலும் அணையிட்டு அடைத்தால், சில மாரிகளில் உப்புக் கழுவுண்டு ஏரி நன்னீராகும். பின்னர் முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான கால்வாய் ஒன்றை வெட்டினால், அந்நீர் வடமராட்சி ஏரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் செல்லும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் 1950-களிற் கட்டப்பட்ட தடுப்பணைகள் கடலை வெளியே நிறுத்தும். ஏரிகள் இனித்தால் அவற்றின் கரையிலுள்ள நிலம் இனிக்கும். நிலம் இனித்தால் கிணறுகள் இனிக்கும்.

வேலை தொடங்கியது, முடியவில்லை. முள்ளியான் கால்வாய் அரைகுறையாய் நின்றது; சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது. நீரைத் தேக்க அவர் கருதிய ஆனையிறவில் 1991-இலும் 2000-இலும் 2009-இலும் இரத்தமே சிந்தப்பட்டது.

அவரோ எழுதுவதை நிறுத்தவில்லை. ஓய்வுக் காலத்தில் ஈழத்தின் பழம்பெரும் ஆலயங்களைப் பற்றி எழுதினார். 1997-இல், தொண்ணூறு கடந்த வயதில், இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றை வெளியிட்டார். தம் இனத்தார் சிதறிப்போன காலத்தில் அவர்களுடைய பெயர்களையாவது ஓரிடத்தில் சேர்த்துவைக்க அந்த முதியவர் உழைத்தார். அவருடைய மகனும் பொறியியலாளரானார். தந்தையின் ஆற்றுத் திட்டத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். வீடும் வளவும் விட்டுச்செல்லும் தந்தையர் பலர். முடிவுறாத பொதுவேலை ஒன்றைப் பிள்ளைக்கு விட்டுச்சென்ற தந்தை இவர்.

இனி, அந்த மூன்றாம் பாடம். எம் வீட்டுக் கிணற்றின் நீர் நல்ல நீர். கட்டுக்கு அப்பால் பெண்கள் சிலர் குடங்களுடன் காத்திருப்பார்கள். அவர்கள் கயிற்றைத் தொடக்கூடாது. எவரேனும் அள்ளி ஊற்றும்வரை நிற்கவேண்டும். எம் தோட்டத்தில் துலா மிதித்தவரின் மனைவியும் அவர்களுள் ஒருவர். 1957-இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் எம் கிணற்றடியில் எதுவும் மாறவில்லை. பள்ளிக்கு நேரமாகிறதென்று அவர்களைக் காக்கவைத்துச் சென்ற நாட்கள் உண்டு. அவர்கள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த மௌனம் இன்றும் எம்மைச் சுடுகிறது.

ஆறுமுகம் அவர்களின் திட்டத்தை எண்ணும்போதெல்லாம் அந்தக் கிணற்றடியையும் எண்ணுகிறோம். கல்லின் வெடிப்பினூடே செல்லும் நீர் எந்த வளவின் வேலிக்கும் நிற்பதில்லை. எல்லோர் கிணற்றிலும் ஒரே மட்டத்தில் ஏறும். பொறியியலாளர் வகுத்தது அந்த நீருக்கான வழியை. அதனை அள்ளும் உரிமையைச் சமமாக்குவது எம் கடனாயிருந்தது. அவருடைய வேலை பாதியில் நின்றதென வருந்தும் நாம், எம்முடைய வேலையை எந்த அளவில் முடித்தோம்?

இன்று குடாநாட்டின் தாகம் வேறு வழியில் தீர்க்கப்படுகிறது. இரணைமடு நீரைக் குழாய்வழிக் கொணரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தம் போகம் வாடும் என்ற அவர்களது அச்சத்தை நாம் பழிக்கமாட்டோம். 2024-இல், முள்ளியானுக்கு அதிக தொலைவில்லாத தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிநீர் எவ்வழி வரினும் வரவேற்போம். ஆயினும் மாரிதோறும் கனகராயன் ஆற்றின் மிகுதி நீர் சுண்டிக்குளத்தில் கடல் சேர்கிறது. ஏரிகளில் இறால் பிடிப்போரின் பிழைப்பையும், சுண்டிக்குளத்துப் பறவைகளையும், ஆனையிறவு உப்பளத் தொழிலாளரையும் கணக்கிற் கொண்டு அத்திட்டத்தை மீண்டும் ஆராயவேண்டும். 1954-இல் எழுதப்பட்டதென்பதற்காக அதனை வேதமாக்கவும் வேண்டாம். பழையதென்று பரணில் எறியவும் வேண்டாம்.

பெரியோரை நினைவுகூரச் சிலை எழுப்புவது எம்மவர் வழக்கம். இவருக்குச் சிலை வேண்டாம். முள்ளியானில் நின்றுபோன கால்வாயை, அந்த மண்ணில் உழைப்போரையும் அழைத்துக்கொண்டு, நாம் ஒருமுறை சென்று பார்ப்போம். அங்கிருந்து பேசத் தொடங்குவோம்.